பாயிண்ட் டூ டூ ரைபிள் சுத்தம்: பேரலை விடுங்கள், சேம்பரைப் பாருங்கள்

ஏர் ரைபிளில் ஒன்றிரண்டு வருடம் சுட்டுவிட்டு 50 மீட்டருக்கு மாறுகிற பிள்ளைகளும், டெல்லி ஆர்.கே. புரத்திலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் அவர்களைத் துக்ளகாபாத் ரேஞ்சுக்கு அழைத்துக்கொண்டு அலைகிற அப்பா அம்மாக்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி, புது ரைபிளைச் சுத்தம் செய்வது எப்படி என்பது. ரேஞ்சில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும், அதுவும் இந்தியில் வேகமாக வரும். அதனால் தமிழில் உட்கார்ந்து நிதானமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. ரைபிள் என்று இங்கே சொல்வது .22 லாங் ரைபிள் தோட்டா போடுகிற போல்ட் ஆக்‌ஷன் மேட்ச் ரைபிளை, அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் பின்பக்க அடைப்பான போல்ட்டைக் கையால் திறந்து மூடுகிற போட்டி ரைபிளை. ஆன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் கம்பெனி வகையறா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, 50 மீட்டர் மூன்று நிலை, அந்தப் போட்டிக்கான வகை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் பேரலை, அதாவது குழலை, தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். தோட்டா உட்காரும் குழியான சேம்பர் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. .22-ல் குண்டு வெறும் ஈயம், வேகமும் விநாடிக்குச் சுமார் 325 மீட்டர்தான். இதில் பேரல் சுட்டுத் தேய்வது ரொம்ப மெதுவாக நடக்கும். வளைந்த ராட் (துணி தள்ளுகிற கம்பி), உடைந்த பிரஷ், அவசரக் கை, இவற்றால் கெடுவதுதான் சீக்கிரம் நடக்கும். அழுக்கு கெட்டியாகச் சேரும் இடமோ தோட்டா உட்காரும் குழியும், அதைத் தாண்டி ஒரு விரல் அகலமும். ஆகவே பேரலில் கை குறைவாக, சேம்பரில் கண் அதிகமாக.

ஏர் ரைபிளிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வெடிமருந்தும் இல்லை, கரியும் இல்லை. காய்ந்த ஃபெல்ட் உருளைகளை அவ்வப்போது பேரல் வழியாக விட்டால் போதும். கீழே சொல்லப்போகிற சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்), எண்ணெய் எதுவும் அந்தப் பேரலுக்குள் போகக் கூடாது. சீல்கள் கெடும், ஸ்பிரிங் வகை என்றால் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளவும் கூடும். வீட்டில் இரண்டு துப்பாக்கியும் இருந்தால் சாமான்களைத் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

எது எங்கே படிகிறது

.22 தோட்டாவில் ப்ரைமர் மருந்து (முதலில் பற்றி வெடிமருந்தைக் கொளுத்துவது) கூட்டின் அடி விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. ரைபிளின் ஊசி (ஃபயரிங் பின்) அந்த விளிம்பை நசுக்கும்போது உராய்வில் பற்ற வேண்டும் என்பதற்காகப் பல தோட்டாக்களில் நுண்ணிய கண்ணாடித் தூளையும் அதில் கலந்திருப்பார்கள். குண்டின் மேல் மெழுகும் கொழுப்பும் சேர்ந்த பூச்சு ஒன்று உண்டு. புதுத் தோட்டாவைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். சுடும்போது இவ்வளவும் கிளம்புகிறது: வெடிமருந்தின் கரி, ப்ரைமரின் சாம்பல், கண்ணாடித் துகள், மெழுகு, ஈயம்.

மெழுகு பேரல் முழுக்க மெல்லிசாகப் பரவும். அது நல்லது, அடுத்த குண்டு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரே சீராகப் பரவிய பிறகுதான் குண்டுகள் ஒரே இடத்தில் விழ ஆரம்பிக்கும். இதை ஒவ்வொரு நாளும் வழித்து எடுப்பது வீண் வேலை.

கரி அப்படிப் பரவுவதில்லை. பித்தளைக் கூட்டின் நீளம் சுமார் 15.6 மி.மீ. கூட்டின் வாய் முடிந்ததும் சேம்பரின் முன்பகுதி சரிந்து ரைபிளிங் வரிகளோடு (குண்டைச் சுழலவைக்கப் பேரலுக்குள் திருகாக வெட்டியவை) சேர்கிற இடம் வரும். வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது அங்கேதான். கரி, மெழுகு, ஈயம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து அங்கே வளையமாக இறுகிவிடும். இதைத்தான் ரேஞ்சில் கார்பன் ரிங் என்கிறார்கள். மேட்ச் சேம்பரில் தோட்டாவைத் தள்ளி போல்ட்டை மூடும்போதே குண்டின் மூக்கு வரிகளில் லேசாகக் கடிக்க வேண்டும். அப்படித்தான் குழியை வெட்டியிருப்பார்கள். வளையம் வளர்ந்தால் குண்டு வரிகளைத் தொடுவதற்கு முன்னால் கரியைத் தொடும், மெழுகு சுரண்டப்படும், ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமாக உட்காரும். 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான். அங்கே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

வாங்க வேண்டியவை

பணத்தை முதலில் ராடிலும் ராட் கைடிலும் போடுங்கள். ராட் ஒரே துண்டாக இருக்க வேண்டும். நைலான் பூசிய எஃகு அல்லது கார்பன் ஃபைபர். மூன்று துண்டாக மரை போட்டு இணைக்கிற மலிவான ராட் வேண்டவே வேண்டாம், அதன் இணைப்பு விளிம்புகள் ஒவ்வொரு முறையும் உள்சுவரை உரசும். அலுமினிய ராடின் மேல்பரப்பு மிருதுவானது. மணல் துகள் அதில் பதிந்துகொண்டு அரம் மாதிரி வேலை செய்யும். கைப்பிடிக்குள் பேரிங் இருக்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள். .22 பேரலின் வரிகள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 40 செ.மீ.க்கு ஒரு சுற்று சுற்றும். 65 செ.மீ. பேரல் என்றால் உள்ளே போகும் ராட் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் தானாகத் திரும்ப வேண்டும். கைப்பிடி திரும்பாவிட்டால் துணி வரிகளைத் தாண்டித் தாண்டி நேராக ஓடிவிடும்.

ராட் கைடு என்பது போல்ட் இருந்த இடத்தில் நுழைகிற குழாய். ராடைப் பேரலின் நடுவில் பிடித்துக்கொள்ளும், சால்வென்ட் பின்னால் வழிந்து ட்ரிகருக்குள் போகாமலும் தடுக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் தனி அளவு உண்டு, எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்பதை நம்ப வேண்டாம். இவை அநேகமாக வெளிநாட்டுச் சரக்கு. ரேஞ்சில் யாராவது ஆர்டர் போடும்போது சேர்ந்துகொள்வதுதான் வழக்கம். அப்படி வாங்கும்போது மரையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க ராடுக்கும் ஐரோப்பிய பிரஷ்ஷுக்கும் மரை சேராது.

மற்றவை சில்லறைச் சாமான்கள். பித்தளை ஜாக் (துணியைக் குத்தித் தள்ளும் ராட் முனை) ஒன்று, .22 அளவில் பாஸ்பர் பிரான்ஸ் பிரஷ், நைலான் பிரஷ். சேம்பருக்கென்று ஒரு சுற்று பெரிய பிரஷ், அதற்குப் பேரிங் இல்லாத குட்டை ராட் (சேம்பரில் பிரஷ்ஷை நாமே திருப்ப வேண்டும், பேரிங் இருந்தால் கைப்பிடி சும்மா சுற்றும்). கரியைக் கரைக்கும் சால்வென்ட், துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெய், நல்ல டார்ச். எஃகுக் கம்பி பிரஷ் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

துணிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டி இருந்தால் அதைவிட உசத்தி எதுவும் இல்லை; நூல் உதிராது, நன்றாக உறிஞ்சும். கஞ்சி போட்டதும் பாலியஸ்டர் கலந்ததும் ஆகாது. சரிகைக் கரையை வெட்டி எறிந்துவிட்டு ஓர் அங்குலச் சதுரங்களாக நறுக்கி வையுங்கள். ஜாக்கில் குத்தித் தள்ளும்போது கட்டை விரலுக்கு லேசான எதிர்ப்பு தெரிய வேண்டும். உள்ளங்கையால் அடித்து இறக்க வேண்டியிருந்தால் துணி பெரிது, மூலைகளைக் கத்தரியுங்கள்.

எண்ணெய் பற்றி ஒரு அம்மா கேட்டார்: “சார், வீட்ல செக்குல ஆட்டுன தேங்காய் எண்ணெய் இருக்கு, அதையே போடலாமா?” டெல்லி டிசம்பரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் எப்படி உறைந்து நிற்கும் என்று அவருக்கே தெரியும், அதனால் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை, மழைக்காலம் முழுக்கத் துருவிலிருந்து காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

கை வைப்பதற்கு முன்

க்ளப் ரைபிள் என்றால் சுத்தம் செய்வதும் ரேஞ்சில்தான், ஆர்மரரோ (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கோச்சோ பக்கத்தில் இருக்கும்போதுதான். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் .22 ரைபிளை வைத்திருக்க முடியாது. ‘வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. சுடும் வரிசையில் வைத்தும் சுத்தம் செய்யாதீர்கள், அதற்கென்று இருக்கிற மேஜைக்குப் போங்கள்.

ரைபிளின் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்கட்டும். போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டு விரலாலோ சேஃப்டி ஃபிளாக்காலோ (சேம்பர் காலி என்று காட்டச் செருகும் குச்சி) தொட்டு உறுதிசெய்யுங்கள். தோட்டா டப்பா அந்த மேஜையில் இருக்கவே கூடாது, பையோடு வேறு இடத்துக்குப் போகட்டும். போல்ட்டை உருவி ஒரு துணி மேல் வையுங்கள். இப்போது பின்பக்கத்திலிருந்து பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டால் ரைபிள் காலி என்பதில் சந்தேகம் இல்லை.

சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும் பழக்கம் மேட்ச் சேம்பரில் கொஞ்சம் வம்பு. குண்டு வரிகளில் கடித்திருப்பதால் சில சமயம் அது அங்கேயே நின்றுகொள்ளும். கூடு மட்டும் கழன்று வந்து வெடிமருந்து, போல்ட் ஓடுகிற பகுதியான ஆக்‌ஷனுக்குள் கொட்டும். அப்படி ஆனால் அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போடவே கூடாது. கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

பேரல்

சாய்மானத் துண்டைத் தழைத்தாலொழிய ராட் நேராகப் போகாது. அதாவது கன்னம் வைக்கும் அந்தச் சீக்பீஸ். தழைப்பதற்கு முன் அதன் கம்பியில் இருக்கிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எண் இல்லாவிட்டால் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். சரியான உயரத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சி நாளே போய்விடும். பின் சைட்டை (குறிபார்க்கும் கருவி) ஒரு துணியால் மூடுங்கள்.

ரைபிளை ஸ்டாண்டில் வைத்து, வாய்ப்பக்கம் சற்றே கீழே சரிந்திருக்கும்படி பாருங்கள். சால்வென்ட் முன்னால்தான் ஓட வேண்டும். பின்னால் வந்தால் ட்ரிகருக்கும், ஸ்டாக்கில் (ரைபிளின் கட்டை) ஆக்‌ஷன் உட்கார்ந்திருக்கும் பெட்டிங்குக்கும் போய்ச் சேரும். வாயின் கீழே ஒரு பழைய டப்பாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஸ்டாக் திருகுகளைத் தொட வேண்டாம், சுத்தம் செய்வதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ராட் கைடை நுழைத்துவிடுங்கள். ராடைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஜாக்கில் சால்வென்ட் நனைத்த துணியைக் குத்தி, பின்னாலிருந்து முன்னால் ஒரே மூச்சில் தள்ளுங்கள். வாய்க்கு வெளியே வந்ததும் துணி விழும். ஜாக்கையும் கழற்றிவிட்டு வெறும் ராடை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றுவதா என்று அலுப்பாக இருக்கும், தெரியும். ஆனால் குண்டு பேரலை விட்டுப் பிரியும்போது கடைசியாகத் தொடுகிற விளிம்பு வாயில்தான் இருக்கிறது, கிரவுன் என்பார்கள். அதில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கினால் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறும், குண்டு ஆடும். முன்னாலிருந்து ராடை விட்டுச் சுத்தம் செய்வதை நான் எந்தக் காரணத்துக்காகவும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நனைந்த துணி இரண்டு போகட்டும். அப்புறம் ஐந்து, பத்து நிமிடம் சும்மா விடுங்கள், சால்வென்ட் ஊறட்டும். அடுத்து காய்ந்த துணிகள். பெரும்பாலான நாட்களில் பேரலுக்கு இவ்வளவுதான் வேலை, பிரஷ் எடுக்கவே வேண்டாம்.

பிரஷ் வேண்டுமா என்பதைத் துணியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வெளியே விழுகிற ஒவ்வொன்றையும் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பாக மசி போல அப்பியிருந்தால் கரி. மஞ்சள் கலந்த பிசுக்கு மெழுகு. சாம்பல் நிறக் கோடுகளோ வெள்ளி போல மினுக்குகிற சின்னச் செதில்களோ இருந்தால் ஈயம் ஒட்டியிருக்கிறது. செம்பழுப்பு என்றால் துரு, அன்றே ஆர்மரரிடம் காட்டுங்கள். நீலப்பச்சை தெரிந்தால் பதற வேண்டாம்; .22 மேட்ச் குண்டில் செம்பு கிடையாது, உங்கள் பித்தளை ஜாக்கோ பிரஷ்ஷோ சால்வென்டில் கரைந்திருக்கும். கையும் ஒரு சேதி சொல்லும். நல்ல பேரலில் துணி ஒரே சீராகப் போகும். வாய்க்குப் பக்கத்தில் கடைசிச் சில செ.மீ. கொஞ்சம் இறுக்கமாக இருப்பது பல மேட்ச் பேரல்களில் வேண்டுமென்றே செய்வது. நடுவில் எங்காவது சொரசொரவென்று தட்டுப்பட்டால் அங்கே ஈயம்.

ஈயம் தெரிந்தால் மட்டும் பிரான்ஸ் பிரஷ். சால்வென்டைப் பிரஷ் மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அழுக்குப் பிரஷ்ஷை பாட்டிலுக்குள் முக்கினால் அந்தப் பாட்டில் முழுக்க அழுக்காகிவிடும். முன்னால் தள்ளி, வெளியே வந்ததும் கழற்றி, ராடை இழுத்து, மறுபடி மாட்டித் தள்ளுங்கள். ஐந்தாறு முறை போதும். பாதி வழியில் திசை மாற்றவே கூடாது, மயிர்கள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பிறகு காய்ந்த துணி, இளஞ்சாம்பல் நிறத்தில் வந்தால் நிறுத்திவிடுங்கள். பால் வெள்ளையாக வரும்வரை தள்ளுகிறவர்கள் உண்டு. அந்த வெள்ளைக்குப் பாயிண்ட் யாரும் போடுவதில்லை.

சேம்பர்

இனிதான் நிதானம் வேண்டும். கார்பன் வளையம் அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி: சுரண்டினால் பாத்திரம் போகும், ஊறவைத்தால் தானாக விடும். சால்வென்ட் நேரம் எடுத்துக்கொள்ளட்டும், அவசரப்பட வேண்டாம்.

பேரலில் முதல் நனைந்த துணிகள் போனதுமே இதையும் தொடங்கிவிடலாம். பழைய நைலான் பிரஷ்ஷில் ஒரு துணியைச் சுற்றி, கரி சால்வென்டில் நனைத்து, கைடு வழியாக அனுப்பி, சேம்பர் முடிந்து வரிகள் தொடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதற்கு ராடில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டாம். பாட்டிலில் சொல்லியிருக்கிற நேரம், பொதுவாகப் பத்து பதினைந்து நிமிடம், அப்படியே இருக்கட்டும். பிறகு குட்டை ராடுக்கு மாற்றி வலப்புறமாக மெல்லச் சில சுற்று. இடப்புறம் திருப்பினால் மரை கழன்று பிரஷ் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

பேரல் வேலை முடிந்ததும் கைடை வெளியே எடுங்கள். கைடின் நுனி மூடியிருந்த சேம்பர் சுவரில் சால்வென்ட் கசடு தேங்கியிருக்கும். இத்தோடு மூடி வைத்தால் செய்த வேலை பாழ். சேம்பர் பிரஷ்ஷை நுழைத்து வலப்புறம் நாலைந்து சுற்று. அப்புறம் ஒரு துணியைச் சுருட்டிக் குட்டை ராடில் மாட்டி, சுழற்றிக்கொண்டே துடைத்து எடுங்கள். இரண்டாவது துணி, மூன்றாவது துணி. கடைசித் துணியில் ஈரம் என்பதே தெரியக் கூடாது. சேம்பர் எண்ணெயாக இருந்தால் பித்தளைக் கூடு சுவரைப் பிடிக்க முடியாமல் வழுக்கிப் பின்னால் போல்ட்டை அதிகமாக உதைக்கும். சேம்பர் காய்ந்தே இருக்க வேண்டும்.

எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) நுழைகிற வெட்டுகளும், கூட்டின் விளிம்பு உட்காருகிற வட்டமும் மிச்சம். விளிம்புக்கு அடியில் மெழுகும் கரியும் சேர்ந்து ஒரு தாள் கனத்துக்குப் படிந்தால் தோட்டா முழுசாக உட்காராது, ஊசியின் அடி பாதி வீணாகும். கூரான பல்குச்சி, மரத்தில் செய்தது, இதற்குப் போதும். ஸ்குரூ டிரைவர், குண்டூசி எதையும் அந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இப்போது சோதனை. வாய்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதன் மேல் டார்ச் அடியுங்கள், பின்பக்கத்திலிருந்து பாருங்கள். வரிகள் தொடங்கும் இடம் பளிச்சென்று வட்டமாகத் தெரிய வேண்டும். அங்கே ஒரு மங்கலான பட்டை, குறிப்பாக ஆறு மணி பக்கம், தெரிந்தால் வளையம் இன்னும் இருக்கிறது. ஊறவைப்பதை இன்னொரு முறை செய்யுங்கள். அதிலும் போகாவிட்டால் வேறொரு நாள் பார்க்கலாம், ஒன்றும் குடிமுழுகாது. தேய்ப்புப் பசைகளை முதல் வருடம் கையிலெடுக்க வேண்டாம். கரி போகிற வேகத்தில் வரிகளின் விளிம்பும் போகும். போனில் செருகிப் பார்க்கிற மலிவு போர்ஸ்கோப் (பேரலுக்குள் விடும் குட்டிக் கேமரா) இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. வளையத்தைப் பார்க்க அது உபயோகம்தான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த நல்ல பேரலே அதில் உழுத வயல் போலத்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டுத் தேய்க்கக் கிளம்பாதீர்கள்.

அடுத்த பயிற்சியில் போல்ட்டை மூடும்போது கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். சுத்தமான சேம்பரில் இருக்கிற அந்த மெல்லிய பிடிப்பை நினைவில் வைத்துக்கொண்டால், நாள்பட அது இறுகுவதும் புரியும். ஊறவைக்க நாள் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

போல்ட், குழல் நீட்டிப்பு

போல்ட் முகத்தைச் சால்வென்ட் துணியால் துடைத்துக் காயவையுங்கள், எக்ஸ்ட்ராக்டர் கொக்கிகளுக்கு அடியில் பல்குச்சி விடுங்கள். போல்ட் திரும்பும்போது உரசுகிற சாய்தளத்தில் கடுகளவு கிரீஸ். ஊசி இருக்கும் உள்பகுதிக்கு எண்ணெய் வேண்டாம்; ஜனவரி காலையில் அது இறுகி ஊசியைத் தாமதப்படுத்தும், குண்டுகள் மேலும் கீழுமாக விழும். ட்ரிகருக்கு எதுவுமே வேண்டாம்.

பேரல் முனையில் நீட்டிப்புக் குழாய் மாட்டியிருந்தால் அதற்குள் ஈரமான கருப்புக் கசடு சேர்ந்திருக்கும். கழற்றும் முன் குழாயிலும் பேரலிலும் நேர்க்கோட்டில் அடையாளம் போடுங்கள், முன் சைட் அதன் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது. கிரவுனைச் சுற்றியுள்ள கரியைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

சுடுவதற்கு முன்னும் பின்னும்

ஓரிரு நாளில் மறுபடி சுடப்போகிறீர்கள் என்றால் பேரலைக் காய்ந்தபடியே விடலாம். வாரக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு எண்ணெய்த் துணி, அவ்வளவுதான். அப்படி வைத்த ரைபிளைச் சுடும் முன் இரண்டு காய்ந்த துணி தள்ளி, சேம்பரையும் துடைத்து, போல்ட் போடுவதற்கு முன் பேரல் வழியாக வெளிச்சம் பாருங்கள். எடுத்த துணிகளையும் விழுந்த துணிகளையும் எண்ணி வைக்கும் பழக்கம் நல்லது. உள்ளே தங்கிய ஒரு துணித்துண்டு பேரலை உப்பவைத்துவிடும், ஆளுக்கும் ஆபத்து.

சுத்தம் செய்த பிறகு முதல் பத்துப் பதினைந்து குண்டுகள் ஊர்மேயும். மெழுகுப் பூச்சு மறுபடி பரவுகிறவரை அப்படித்தான், சைட்டைத் திருகாதீர்கள். போட்டியில் ஆயத்தத்துக்கும் சைட்டர்களுக்கும் (கணக்கில் சேராத சோதனைக் குண்டுகள்) சேர்த்து 15 நிமிடம் கொடுக்கிறார்கள்; பேரலைப் பழக்குவதற்கே அதைச் செலவழித்துவிட்டால் காற்றைப் பார்ப்பது எப்போது? முழுச் சுத்தத்தைப் போட்டிக்கு முந்தைய கடைசிப் பயிற்சிக்கு முன்னால் முடித்துவிட்டு, அந்தப் பயிற்சியிலேயே பேரலைப் பழக்கிக்கொண்டு வருவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எத்தனை குண்டுக்கு ஒருமுறை என்பதில் ஆளுக்கு ஆள் பேச்சு மாறும். தினமும் செய்பவர்களும் பதக்கம் வாங்குகிறார்கள், மாதக்கணக்கில் தொடாதவர்களும் வாங்குகிறார்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது: ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் சேம்பரையும் போல்ட் முகத்தையும் துடையுங்கள், 300 முதல் 500 குண்டுக்கு ஒருமுறை முழுச் சுத்தம். எந்தத் தோட்டா, எத்தனை குண்டு, துணியில் என்ன தெரிந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதி வந்தால் உங்கள் பேரலுக்கு எது ஒத்துவருகிறது என்பது சில மாதங்களில் புரியும்.

டெல்லி வானிலை

1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் ரேஞ்ச், அதாவது நம் துக்ளகாபாத் ரேஞ்ச், ஆரவல்லி மேட்டை ஒட்டிய இடம். மே, ஜூனில் ஆந்தி (புழுதிப் புயல்) கிளம்பினால் கண், காது, ரைபிள் எல்லாவற்றிலும் மண். புழுதி நாளில் சேம்பரைத் துடைக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள், ராடையும் ஒவ்வொரு தள்ளலுக்கு முன் துடையுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை எதிரி ஈரம். ரைபிளை ஸ்பாஞ்சு வைத்த பெட்டியிலேயே பூட்டி வைத்தால் ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்பில் விடும். லைசென்ஸ்படி வீட்டில் வைத்திருப்பவர்கள் பூட்டிய இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு நிறுத்துங்கள், பெட்டி பயணத்துக்கு மட்டும்.

குளிர்காலத்தில் வேறு கூத்து. ஐந்தாறு டிகிரிப் பனியில் இருந்த ரைபிளைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து திறந்தால் இரும்பெல்லாம் வியர்க்கும், பேரலுக்குள்ளும்தான். பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அறையில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். சால்வென்ட் பாட்டில் திறந்திருக்கும்போது ஹீட்டரையும் அங்கீட்டியையும் (கரி அடுப்பு) அணைத்துவிட்டு, எவ்வளவு குளிராக இருந்தாலும் ஜன்னலைத் திறங்கள். இந்த ஆவி பற்றிக்கொள்ளும்.

பெரிய ரைபிள் சுடுபவர்களுக்கு

.308 போன்ற சென்டர்ஃபயர் (ப்ரைமர் கூட்டின் அடி நடுவில் இருக்கும்) ரைபிளில் குண்டுக்குச் செம்பு உறை உண்டு. அங்கே செம்புப் படிவும் சேர்ந்துகொள்ளும். முதலில் கரியை எடுங்கள், பிறகு செம்பு சால்வென்ட். துணி நீலமாக வருவது அங்கே உண்மையான செம்பு, ஆனால் பித்தளை ஜாக் அதே நிறத்தைப் பொய்யாகவும் காட்டும் என்பதால் நைலான் ஜாக் போட்டுக்கொள்ளுங்கள். அம்மோனியா கலந்த மருந்தைப் பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாதீர்கள், இரண்டு மருந்துகளை ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது.

கையும் குப்பையும்

இந்தக் கசடில் ஈயம் இருக்கிறது, ப்ரைமர் சாம்பலிலும் இருக்கிறது. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை கூடாது, சின்னப் பிள்ளைகள் தவழுகிற தரையிலும் கூடாது. அழுக்குத் துணிகளை மூடி போட்ட டப்பாவில் சேர்த்து ரேஞ்சில் அதற்கென்று இருக்கிற தொட்டியில் போடுங்கள். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

சில விஷயங்கள் நம் கைவேலை கிடையாது. சுட்ட கூடுகளில் எப்போதும் ஒரே இடத்தில் நீளக் கீறல், சேம்பர் விளிம்பில் ஊசி குத்திய பள்ளம் (தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகினால் .22-ல் வரும்), கிரவுனில் நகத்துக்குத் தட்டுப்படுகிற பிசிறு, எத்தனை முறை ஊறவைத்தும் அதே இடத்தில் சொரசொரப்பு. இவற்றில் எது தெரிந்தாலும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கூடுகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆர்மரரிடம் போங்கள்.